ஸான் ஜாக் வீதிக் கரும்பலகை

பாரிஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் ஈபெல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியுடன் திரும்புவது வழக்கம். நானும் அந்தக் கடனைக் கழித்தேன். ஆனால், பள்ளிக்கூட ஆசிரியர் அவசியம் தரிசிக்க வேண்டிய ஸ்தலம் அங்கே வேறொன்று உண்டு. ஸீன் நதிக்குத் தெற்கே, ஸான் ஜாக் வீதியில், பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் பக்கத்தில் இருக்கும் காது கேளாதோர் பள்ளிதான் அது.

அவேரோன் பிரதேசத்துக் காடுகளில் தனியே அலைந்த ஒரு பையனை 1800-ம் வருஷம் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது ஏறக்குறைய பன்னிரண்டு, பேச்சு இல்லை. இவன் தேறமாட்டான் என்று பீனெல் என்ற பிரசித்தி பெற்ற வைத்தியர் தீர்ப்புக் கூறிவிட்டார். இடார் என்னும் இளம் வைத்தியர் மட்டும் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. பையனுக்கு விக்டர் என்று பெயரிட்டுக் கற்பிக்கத் தொடங்கினார்.

கரும்பலகையில் சாவி, கத்தரிக்கோல், சுத்தியல் இவற்றின் உருவங்களை வரைந்து, அந்தந்தப் படத்தின்கீழ் அந்தந்தப் பொருளை மாட்டினார். பிறகு எல்லாவற்றையும் எடுத்துப் பையனிடம் கொடுத்தார். அவன் சரியாக மாட்டிவிட்டான். ஆனால், இடங்களின் வரிசையைத்தான் அவன் ஞாபகம் வைத்திருக்கிறான் என்று கண்டதும், இடார் படங்களின் வரிசையை மாற்றினார். நாளடைவில் விக்டர் படத்தையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டான். பேச்சு கடைசி வரையில் சரியாக வரவில்லை. எனினும், வாய்ச்சொல் புகாத இடத்தில் படம் புகுந்துவிட்டது.

அந்த விதை வீண் போகவில்லை. இடாருக்கும் அவருடைய சிஷ்யர் ஸெகானுக்கும் உரிய நூல்களை மரியா மாண்டிஸோரி அம்மையார் தம் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார். அவரே 1939-ல் நமது அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1972-ல் அமெரிக்காவின் வட கரோலினா ராஜ்யத்தில், ஆட்டிஸம் உள்ளவர்களுக்காக 'டீச்' என்னும் திட்டம் ஏற்பட்டது. என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடிந்தது, அடுத்தது என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கே படங்களும் கூடைகளுமே விடை சொல்லும்.

வீதியில் நின்றபோது என் வகுப்புப் பையன் ஒருவனின் நினைவு வந்தது. ஒவ்வொரு காரியத்துக்கும் அவன் என் முகத்தைப் பார்ப்பான், நான் சொல்வேன், அவன் செய்வான். இதைத்தான் உதவி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! நான் இல்லாத நாளில் அவன் கதி என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஊர் திரும்பியதும் நான்கு அட்டைகளில் படம் எழுதி, அவன் மேஜைமேல் இடமிருந்து வலமாக ஒட்டினேன். என் சித்திரத் திறமை அப்படி! பென்சிலை முருங்கைக்காய் என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பல வாரங்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். ஒருநாள் படத்தை மட்டும் பார்த்தான். ஒவ்வொரு வேலையாக முடித்து, அந்தந்த அட்டையை உரித்து, வலப்புறத்துக் கூடையில் போட்டான். கடைசி அட்டையும் விழுந்ததும் எழுந்து கை கழுவப் போனான்.

அந்த அரைமணி நேரமும் எனக்கு அவனிடத்தில் ஒரு வேலையும் இல்லை. இருபது வருஷ உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் சும்மா இருந்ததில்லை.