தூணில் சிவப்புக் கோடு

ஜனவரி 8

சாலை அகலப்படுத்த அளந்தவர்கள் எங்கள் போட்டோ கடைத் தூணில் சிவப்பு பெயின்டால் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். ஷோகேஸ், மேசை, பேக்ரவுண்ட் திரை தொங்கும் இடம் எல்லாம் போகிறது. தப்பிப்பது டார்க் ரூம் மட்டும். 2005-லிருந்து அதை ஆயுத பூஜைக்குத்தான் திறக்கிறோம். நல்ல கணக்கு!

ஜனவரி 9

பாஸ்போர்ட் சைஸ் நாலு பேர். ஒரு லேமினேஷன்.

போகி

"அந்த நெகட்டிவ் குப்பையையும் போட்டுக் கொளுத்தேன்டா" என்றார் அம்மா. அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்தேன். புளித்த காடி வாடை. அசிடேட் பிலிம் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தால் இப்படித்தான் நாறும். அப்புறம் சுருங்கி நெளியும். மூடி வைத்துவிட்டேன். பழைய பாய்தான் எரிந்தது.

ஜனவரி 19

முத்துப்பேட்டையில் அவுட்டோர். ஜாம்புவானோடையிலிருந்து படகு. ஏழு மணி வெயில் தண்ணீரில் பட்டு முகத்துக்குக் கீழிருந்து ஏறும். அந்த அரைமணி நேரத்துக்கு ரிஃப்ளெக்டரே தேவையில்லை. மாப்பிள்ளைக்குத்தான் ஒரு குறை: "அண்ணே, அந்த மொட்டை மரமெல்லாம் வராம எடுங்க." 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட அலையாத்தி மரங்கள். எடிட்டிங்கில் அழித்துவிடலாம் தம்பி என்றேன். ராத்திரி அழித்தேன்.

ஜனவரி 22

பழைய பிலிமில் வெள்ளி எடுக்கிறவர் வந்தார். கிலோ கணக்கில் விலை சொல்கிறார். முன்பெல்லாம் பிலிம் கழுவி முடித்த ஹைப்போத் தண்ணீரையே கேனில் வாங்கிப் போவார்கள், வெள்ளி அதில் கரைந்திருக்கும் என்று. வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றேன். இந்தப் பணம் வந்தால் புது ஷட்டருக்கு ஆகும்.

ஜனவரி 23

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. "கடைய இடிக்கப் போறாங்களாமே தம்பி?" கல்யாணப் படம் இங்கேதான் எடுத்தார்களாம். கஜாவில் ஓடு பறந்து சுவரோடு நனைந்ததில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. உரித்தபோது இரண்டு முகமும் கண்ணாடியோடு போய்விட்டன.

"எந்த வருஷம்மா?"

"வருஷம் எங்க தெரியும்? பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு அடுத்த தை."

1977 நவம்பர்ப் புயல். அப்படியானால் 1978. அப்பா லெட்ஜரைப் புரட்டாமலே, "நீல அட்டைப் பெட்டி, மேல் தட்டு" என்றார். இருந்தது. நூற்றிருபது சைஸ் பிலிம், நெளியவில்லை. அன்று பிரிண்ட் போட்டது ஊட்டி 'இந்து' போட்டோ பேப்பரில் என்றும் அப்பாவே சொன்னார்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பெண்ணின் இடது கன்னத்தில் மயிரிழைக் கோடுகள். பென்சில். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்ட்டில் வெளுத்து விழும், தழும்பு மறையும். ஸ்கேன் செய்து திரையில் காட்டினேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"என் அம்மைத் தழும்பு எங்க?"

"உங்க மாமியார்தான் எடுக்கச் சொன்னாங்க" என்றார் அப்பா.

"அவுகளும் போய்ச் சேந்துட்டாக. போட்டுக் குடுங்க."

அப்பா டர்பன்டைனில் பஞ்சை நனைத்தார். கை நடுங்கியது. நான் துடைக்கிறேன் என்றதற்கு, "நான் போட்டது" என்றார். ஒவ்வொரு கோடாகக் கரைந்து கன்னத்தில் குழிகள் வந்தன. பக்கத்தில் விறைத்து நிற்கும் மாப்பிள்ளைக்கு ஒரு குழியும் இல்லை, மீசைதான்.

பிரிண்டுக்கும் சட்டத்துக்கும் முந்நூறு வாங்கினேன். அப்பா முறைத்தார். முறைக்கட்டும், சட்டம் சும்மாவா வருகிறது?

ஜனவரி 24

வெள்ளிக்காரர் போன். எடுக்கவில்லை.

ஜனவரி 30

முத்துப்பேட்டை ஆல்பம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் திருப்தி. ஒரு படத்தில் மட்டும் மொட்டை மரத்தை விட்டிருந்தேன், அவர் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 6

இடிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் என்கிறார் டீக்கடைக்காரர், தேர்தலுக்குப் பிறகு என்கிறார் மருந்துக்கடைக்காரர். ஷோகேஸ் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்:

'1966 முதல் 2005 வரை எங்களிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள் நெகட்டிவ் கேட்டு வரலாம். ரசீது வேண்டாம். என்ன விசேஷம், எந்த மழைக்கு முன்பின் என்று சொன்னால் போதும். ஐப்பசிக்குள் வாருங்கள், அதற்குமேல் பெட்டிகளை நனையாமல் வைக்க எங்களிடம் இடம் இருக்காது.'