பூட்டுக்குள் என்ன நடக்கிறது?



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பூட்டுப் படத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சார், அது வீடியோவா, படமா?" "மாமா, யாரிடம் காசு கொடுத்துச் செய்தீர்கள்?" "ரிட்டயர் ஆன பிறகு இதெல்லாம் எதுக்கு?" கடைசிக் கேள்வி என் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். வாத்தியார் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். படத்தில் இடப்பக்கம் மூடியைக் கழற்றிய ஒரு பூட்டு, வலப்பக்கம் அதே பூட்டு. இரண்டிலும் சாவி திரும்புகிறது. இடப்பக்கப் பூட்டு திறக்கிறது, வலப்பக்கப் பூட்டு திறக்கவில்லை. அவ்வளவுதான். சத்தம் கிடையாது, பேச்சு கிடையாது. திரும்பத் திரும்ப அதுவே ஓடிக்கொண்டிருக்கும்.

திண்டுக்கல் என்றால் இப்போது வெளியூர்க்காரர்கள் பிரியாணி என்கிறார்கள். என் தலைமுறைக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டுதான். 2019-இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் நம் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் குறியீடு கிடைத்ததால் பட்டறைக்கு இளம்பிள்ளைகள் வந்துவிடவில்லை. அலிகரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டு மலிவாக வந்து இறங்குகிறது. கையால் அரம் போட்டு ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாக ராவுகிற வேலைக்கு அந்த விலை கட்டாது.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் அப்பா பூட்டுத் தொழிலாளி. பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பெரியவர் என்றே எழுதுகிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் இதே வேலை. இரண்டு பையன்களும் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். சித்திரை மாதம் அவரைப் பார்க்கப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "வாத்தியாரய்யா, பூட்டு எப்படிச் செய்யிறதுன்னு யாரும் கேட்க வேணாம். அது ஏன் திறக்குதுன்னாவது ஒருத்தன் கேட்டிருக்கலாம். எம் பேரனுக்கே தெரியாது."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன் நான்.

பூட்டு ஏன் திறக்கிறது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவற்றை லீவர் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு லீவரையும் ஒரு சின்ன ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு, ஆனால் வெட்டு இருக்கும் உயரம் லீவருக்கு லீவர் மாறும். தாழில் ஒரு முளை நிற்கும். சாவியின் பற்கள் லீவர்களைத் தூக்கும்போது எல்லா வெட்டும் ஒரே கோட்டில் வந்து நின்றால் அந்த முளை உள்ளே புகுந்து ஓடும், பூட்டு திறக்கும். ஒரே ஒரு லீவர் குறைவாக எழுந்தாலும் திறக்காது, கூடுதலாக எழுந்தாலும் திறக்காது. இந்த ஏற்பாட்டுக்கு 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை வாங்கினார்.

இதை செல்போனில் வீடியோ எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. லீவர்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் முதல் தகடு மட்டும்தான் தெரியும், அடியில் உள்ளவை அதன் கீழே மறைந்துவிடும். வீடியோ வெளியே தெரிவதைத்தான் காட்டும். நமக்கு வேண்டியது தகட்டின் வழியாக அடுத்த தகட்டைப் பார்ப்பது.

அதற்கு வரைகலை மென்பொருள் வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் பென்ஷன்காரனுக்குக் கட்டாது. நான் பயன்படுத்தியது கிம்ப். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இன்றுவரை இலவசம். இலவசம் மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் எது என்றால், 2011-இல் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதே, அந்தத் திட்டத்தில் என் சின்ன மகள் வாங்கியது. மெதுவாக ஓடும். எனக்கும் அவசரமில்லை.

கிம்ப்பில் எல்லாமே லேயர் கணக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்ததுபோல. பெரியவரிடம் இதைக் காட்டியபோது, "அட, இதுவும் லீவர் அடுக்குற மாதிரிதான்" என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். பூட்டின் உடலை ஒரு படம். நான்கு லீவர்களையும் தனித்தனியாகக் கழற்றி, வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். செல்போனை நாலு புத்தகத்தின் மேல் அசையாமல் நிறுத்திவிட்டோம். ஃபிளாஷ் போட்டால் பித்தளை பளிச்சென்று அடித்துவிடும், அதனால் அது வேண்டாம். கிம்ப்பில் ஒவ்வொரு லீவரையும் வெட்டி எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, பாதி ஊடுருவித் தெரியும்படி செய்தேன். சுழற்றும் கருவியில் சுழற்சி மையத்தை நாமே நகர்த்தி வைக்கலாம். அதை லீவர் மாட்டியிருக்கும் ஆணியின் மேல் வைத்து, ஒவ்வொரு லீவரையும் அது எழ வேண்டிய அளவுக்குச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். ஒவ்வொரு நிலையையும் 'நியூ ஃப்ரம் விசிபிள்' என்ற கட்டளையால் ஒரே லேயராக மாற்றிக்கொண்டேன். இப்படிச் சரியான சாவிக்கு 12 நிலை, தப்பான சாவிக்கு 12 நிலை.

இந்த 12 லேயரையும் ஏற்றுமதி செய்யும்போது 'ஆஸ் அனிமேஷன்' என்பதை டிக் செய்தால் அதுதான் ஜிஃப். அடியில் இருக்கும் லேயர்தான் முதலில் ஓடும், இதை நினைவில் வையுங்கள். லேயரின் பெயரில் அடைப்புக்குறிக்குள் 200 என்று எழுதி, ஒட்டினாற்போல எம், எஸ் என்ற இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகளைப் போட்டால் அந்தப் படம் 200 மில்லி செகண்டு, அதாவது ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும். ஏற்றுமதிக்கு முன்னால் ஃபில்டர்ஸ், அனிமேஷன், பிளேபேக் என்று போய் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜிஃப் என்பது 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் என்பவரின் குழு உருவாக்கிய படவகை. 256 நிறத்துக்கு மேல் அதில் கிடையாது. போட்டோவுக்கு அது குறைதான், நாலு நிற லீவருக்கு அதுவே தாராளம்.

அடுத்தது இரண்டு ஜிஃப்களை ஒன்றாகச் சேர்ப்பது. இதைத்தான் மூன்று பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் சுலபம். முதல் ஜிஃப்பைத் திறந்து, 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' என்று இரண்டாவதைக் கொண்டுவந்தால் போதும். அதற்கு முன் இமேஜ் மெனுவில் 'மோட்' என்பதை ஆர்ஜிபி ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது படத்தின் நிறங்கள் கெட்டுவிடும். வேறொருவர் செய்த ஜிஃப் என்றால் 'அன்ஆப்டிமைஸ்' கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பல ஜிஃப்களில் முந்தைய படத்திலிருந்து மாறிய துண்டு மட்டும்தான் சேமித்திருக்கும், அந்தக் கட்டளை முழுப் படமாக்கிக் கொடுக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும் என்றால் கொஞ்சம் உழைப்பு. கேன்வாஸை இரட்டை அகலமாக்கி, இரண்டாவதின் 12 லேயரையும் வலப்பக்கம் நகர்த்தி, ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு என்று ஜோடியாக அடுக்கி, 'மெர்ஜ் டவுன்' செய்ய வேண்டும். லேயர்களுக்கு எண் போட்டு வைத்தால் ஜோடி மாறாது. இரண்டிலும் படங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை சிரமம்? சரியான சாவியை மட்டும் பார்த்தால் "ஓ, திறக்கிறது" என்று போய்விடுவோம். பக்கத்தில் தப்பான சாவி ஓடும்போதுதான் பச்சை லீவர் மட்டும் ஒரு மயிரிழை கூடுதலாக எழுந்து முளையை மறிப்பது கண்ணில் படும். வகுப்பிலும் சரியான விடையை மட்டும் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் புரியும். தப்பான விடையைப் பக்கத்தில் எழுதினால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வேகத்தை நான் முடிவு செய்யவில்லை. பெரியவரிடம் ஒரு பூட்டைக் கொடுத்துத் திறக்கச் சொல்லி, விரலால் மேஜையில் தட்டச் சொன்னேன். லீவர் எழும்போது தட்டு வேகமாக வந்தது. எல்லாம் வரிசையில் நின்றதும் ஒரு நிறுத்தம். "இந்த இடத்துல கை ஒரு நொடி நிக்கும் சார், அப்புறம்தான் தாழ் வழி விடும்" என்றார். அதனால்தான் ஒன்பதாவது படம் மட்டும் 700 மில்லி செகண்டு நிற்கிறது. அந்த நிறுத்தம் அவருடையது.

இன்னொன்றையும் அவர் கறாராகச் சொன்னார். விற்ற பூட்டு எதையும் படமெடுக்கக் கூடாது. இதற்கென்றே ஒரு பூட்டும் இரண்டு சாவியும் புதிதாகச் செய்தார், நாலு நாள் வேலை. "ஒருத்தர் வீட்டுச் சாவியோட பல்லை ஊருக்குக் காட்டலாமா?" என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

படம் முடிந்ததும் அவர் பேரனிடம் காட்டினோம். எட்டாம் வகுப்பு. நாலைந்து தடவை ஓடும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தாத்தா, அந்தப் பச்சை மட்டும் ஏன் தாண்டிப் போகுது?" என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் அரத்தை எடுத்து வந்து, தப்பான சாவியில் அந்த ஒரு பல்லை நாலு இழுப்பு ராவி அவன் கையில் கொடுத்தார். அவனே போட்டுத் திருப்பினான். திறந்தது.

அவன் பூட்டுத் தொழிலுக்கு வருவான் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். அவன் அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை, அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரத்தை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எந்தப் படமும் சொல்லித் தராது. அது கையிலிருந்து கைக்குத்தான் போகும். ஆனால் அந்தப் பெரியவர் கேட்டது தொழிலுக்கு வாரிசு இல்லை. "ஏன் திறக்குது" என்று ஒருத்தன் கேட்க வேண்டும் என்பதுதான். அந்தக் கேள்வி அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

உங்கள் ஊரிலும் இப்படி உள்ளே மறைந்திருக்கும் வேலை ஏதாவது இருக்கும். சுங்குடிச் சேலையின் முடிச்சு, நெசவுத் தறியின் விழுது, கிணற்று மோட்டாரின் வால்வு. கேட்டு வாங்கிப் படமாக்குங்கள். கிம்ப்பில் எந்த இடத்தில் நின்றாலும் எனக்குப் போன் செய்யுங்கள், மதியம் மூன்று மணிக்கு மேல். ஜிஃப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது வீடியோவாக மாறிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

வீட்டுப் பரணில் பழைய திண்டுக்கல் பூட்டு கிடந்தால் அதன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெரியவர் பார்த்து அது என்ன வகை என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சாவியை மட்டும் யாரும் படமெடுத்துப் போட்டுவிடாதீர்கள். அது அவருடைய உத்தரவு.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்