நான் நிறுத்திய தாலாட்டு



ஒரு மௌலவி இசையைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று வியக்க வேண்டாம். இசை கூடுமா, கூடாதா என்று பத்வா சொல்வதற்காக நான் பேனா எடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நமது இமாம்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதி வைத்துவிட்டார்கள். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான அறிஞர்கள் வாத்தியக் கருவிகளைத் தடுத்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்ற சிலர் அனுமதித்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் செவியேற்றல் பற்றித் தனியாக ஒரு பாகமே எழுதியிருக்கிறார்கள். விரும்பியவர்கள் அங்கே தேடிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது என் வீட்டில் நடந்த ஒரு விஷயம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போடப்பட்டபோது, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் ஒழுங்கைகளும் வெறிச்சோடிப் போயின. மத்ரஸா மூடப்பட்டுவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு மட்டும் ஒலித்தது, தொழுகை வீட்டில். நினைத்தாலே நெஞ்சு கனக்கும் நாட்கள். என் மூத்த மகள் அப்போது க.பொ.த. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் காதில் ஏற வேண்டுமானால் நல்ல விரிவுரைகளைக் கேளுங்கள் என்று ஆசிரியை சொன்னாராம். ஒரு நாள் அஸருக்குப் பின் அவளுடைய அறையிலிருந்து பியானோச் சத்தம் வந்தது. நான் விறுவிறென்று போனேன்.

"என்ன மகள் இது?"

"பாடம் வாப்பா" என்றாள்.

உண்மையிலேயே பாடம்தான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், 2008இல் தன் வகுப்பறையில் நடந்ததை அப்படியே படமெடுத்து, உலகில் யாரும் காசில்லாமல் பார்க்கட்டும் என்று இணையத்தில் விட்டிருக்கிறது. பாடத்தின் பெயர், இசையைக் கேட்டல். நடத்துபவர் கிரெய்க் ரைட் என்ற பேராசிரியர். மொத்தம் 23 விரிவுரைகள். நிறுத்தச் சொல்லத்தான் வாயெடுத்தேன். மகள் கெட்டிக்காரி. "வாப்பாவும் பக்கத்தில இருந்து பாருங்க. கூடாத ஏதும் வந்தா நிப்பாட்டுவம்" என்றாள்.

ஆக, நான் அந்த வகுப்பில் உட்கார்ந்தது மாணவனாக அல்ல, காவல்காரனாக!

முதல் சில நாட்கள் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. என் ஆங்கிலம் அரைகுறை. மகள் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்வாள். அந்தப் பேராசிரியர் பியானோவில் வாசித்துக் காட்டிக்கொண்டே பேசுவார். அடி எங்கே விழுகிறது, அது இரண்டிரண்டாகப் போகிறதா, மூன்று மூன்றாகப் போகிறதா என்று காதால் பிரித்தறிய வேண்டுமாம். மகள் உடனே விரலால் தட்டிக் காட்டுவாள். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். நாற்பத்திரண்டு வயதில், மகளுக்கு முன்னால் தோற்றுப்போன மாணவனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் ஓத வரும் பிள்ளைகளை நான் அதட்டிய நாட்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

கடைசியில் வழி காட்டியது மர்ஹூம் வாப்பாவின் தறி. வாப்பா கைத்தறியில் சாரம் நெய்தவர். காலால் மிதிக்கும் ஓசை, நாடா ஓடும் ஓசை, அச்சு வந்து அடிக்கும் ஓசை. அந்த மூன்றாவதில்தான் கனம். சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன் நான். 'வாப்பாவின் தறியில் அச்சடிக்கும் இடத்தைத் தேடு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேட்டேன். கனமான அடி தனியாகத் தெரிந்தது! மகளுக்கு முந்தி நான் மேசையில் தட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு காவல் வேலை மறந்துபோயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

பீதோவன் என்ற ஜெர்மானியர் 1808இல் அரங்கேற்றிய ஐந்தாவது சிம்பொனி மூன்று குறிலும் ஒரு நெடிலுமாகத் தொடங்குகிறது. அந்தச் சின்னஞ்சிறு துண்டையே திருப்பித் திருப்பி வைத்து ஒரு மாளிகை கட்டுகிறார். குறிலையும் நெடிலையும் அடுக்கி ஓசை கட்டுவது எங்களுக்குப் புதிதா? அரபுக் கல்லூரியில் அரூள் என்னும் யாப்பிலக்கணத்தை மனனம் செய்தவன்தானே நான். அதை வகுத்த கலீல் இப்னு அஹ்மத் 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்தவர். கடைத்தெருவில் சுத்தியல் அடிக்கும் சத்தத்தைக் கேட்டு அவருக்கு அந்த எண்ணம் பிறந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதையை உஸ்தாத் சொல்லும்போது நாங்கள் சிரித்தோம். வாய்பாடுகளை ஒப்புவித்தோமே தவிர, அந்தச் சுத்தியல் சத்தத்தை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு வியப்பாக இருந்தது. ஐரோப்பியரின் லூட் என்ற நரம்புக் கருவியின் பெயர் 'அல் ஊத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போனது. பீதோவன் 1824இல், காது ஏறக்குறைய முற்றாகவே கேளாமற் போன நிலையில் அரங்கேற்றிய ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் பெருமுரசும் தாளமும் முக்கோண மணியும் சேர்ந்து ஒலிக்கும் ஓர் இடம் வருகிறது. அது உஸ்மானியத் துருக்கிப் படையின் இசையைப் பார்த்து ஐரோப்பியர் கற்றுக்கொண்ட பாணி. தத்துவ ஞானி என்று மட்டும் நாங்கள் அறிந்திருந்த பாராபி, 10ஆம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மூஸீகா அல் கபீர்' என்ற பெரிய நூலை எழுதியவர். அவருக்கு முன்பே கிந்தி, ஊத் கருவியின் நரம்புகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்திருக்கிறார். அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் வாவியின் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், பழந்தமிழரின் யாழைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். கல்லடிப் பாலத்தைக் கடக்கும் போதெல்லாம் அவருடைய பெயரைத் தாங்கிய அழகியல் கற்கைகள் நிறுவகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் படும். அந்தப் பாலத்தடியில், நிலாக் காலத்தில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் இந்த வாவியைக் கடந்தும் நான் ஒரு தடவை துடுப்பைக் காதில் வைத்ததில்லை. அவசரம்!

ராகத்தைப் பற்றிய பாடம் வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பியானோவின் கட்டைகள், ஒரு சுரத்திலிருந்து அதன் மேல் சுரம் வரையுள்ள தூரத்தைப் பன்னிரண்டு சமபாகமாகப் பிரித்தவை என்று மகள் விளக்கினாள். கைத்தொலைபேசியில் ஒரு பியானோவை இறக்கி வைத்திருந்தாள். அப்போது எனக்கொரு ஆசை. 1988இல் வஃபாத்தான எகிப்தின் காரீ அப்துல் பாசித் அவர்களின் கிராஅத்தைக் கசெற்றில் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எகிப்தியக் காரீகள் பெரும்பாலும் பயாத்தி என்ற ஓசை முறையில்தான் ஓதத் தொடங்குவார்கள். அதை வாய்க்குள் மெதுவாக இழுத்துக் காட்டி, "இந்தச் சத்தத்தை அந்தக் கட்டையில தேடுங்க மகள்" என்றேன். முதலாவது கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் கொஞ்சம் கூடிப்போகிறது. பக்கத்துக் கட்டையை அழுத்தினால் கொஞ்சம் குறைந்துபோகிறது. எங்கள் சத்தம் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே இருந்தது! "வாப்பா, இது பியானோவில இல்ல" என்று மகள் கண்களை அகல விரித்தாள்.

குர்ஆன் ஓதுவதை நான் இசை என்று சொல்லவில்லை. அதன் மரியாதை வேறு, சட்டம் வேறு. ஆனால் கேட்கும் காது ஒன்றுதானே. மத்து எழுத்துக்கு இரண்டு ஹரகத், நான்கு, ஆறு என்று விரலை மடக்கி எண்ணி நீட்டக் கற்றுக்கொடுத்த நான், அந்த நீட்டலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அன்றுதான் செவிமடுத்தேன். அபூ மூஸல் அஷ்அரீ (ரலி) அவர்களின் குரலைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தாவூத் (அலை) குடும்பத்தாரின் இனிய நாதம் இவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் புகழ்ந்தார்கள். அந்த ஹதீஸை எத்தனை தடவை மேடையில் சொல்லியிருப்பேன்!

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன்.

பதினான்காவது விரிவுரை, அடியில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதைப் பற்றியது. பாகெல்பெல் என்பவரின் கானன் என்ற உருப்படியில், கீழே எட்டே எட்டுச் சுரங்கள் மாறாமல் 28 தடவை சுற்றி வருகின்றன. மேலே மூன்று வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே பாட்டைத் தொடர்ந்து பாடுகின்றன. கீழே மாறாதது, மேலே மாறிக்கொண்டே போவது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்குக் கேட்டது வயலின் அல்ல, ஏணைக் கயிறு. வளையில் உராய்ந்து கிறீச், கிறீச் என்று மாறாமல் போய் வரும் கயிறு. அதற்கு மேலே உம்மாவின் குரல்.

1998இல் நான் பட்டம் பெற்று ஊர் வந்தேன். இருபது வயது, புதுத் தலைப்பாகை, நாக்கு நிறைய ஆதாரங்கள். ராத்தாவின் தலைப்பிள்ளைக்கு அப்போது நாற்பது கழியவில்லை. உம்மா ஏணையை ஆட்டித் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் ஏழு பேரையும் அந்தப் பாட்டில்தான் தூங்க வைத்தவர். நான் வாசலில் நின்று, "உம்மா, இந்தப் பாட்டெல்லாம் வேணாம். திக்ர் சொல்லி ஆட்டுங்க" என்றேன். திக்ர் சொல்வது நல்லதுதான், யார் மறுப்பார்? ஆனால் நான் சொன்ன விதம்! பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். உம்மா பாதி அடியில் நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கயிறு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடியதும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியதும், நபி (ஸல்) அவர்கள் 'விட்டுவிடுங்கள்' என்று தடுத்ததும் புகாரியில் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையோடு எனக்கு மனப்பாடம். வாசலில் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

உம்மா அதற்குப் பிறகு பாடவே இல்லை. என் பிள்ளைகள் மூவருக்கும்கூடப் பாடவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. என் மனைவி சொல்லித்தான் தெரியும், உம்மா அவர்களை வெறும் சத்தத்தால் "உம், உம்" என்று ஆட்டினாராம்.

விரிவுரைகள் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு உம்மாவிடம் போனேன். வயது எழுபத்திரண்டு, கண் மங்கல், காதுக்குக் குறையில்லை. காலடியில் உட்கார்ந்து, தாலாட்டைக் கேட்டேன். உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மனே, இப்ப வந்து கேக்காய்? அதெல்லாம் மறந்து பெய்த்து."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உம்மா, அண்டைக்கு நான் அப்படிச் சொன்னது பிழை. மாப்புத் தாங்க" என்றேன். உம்மா அதற்கு ஒன்றும் சொல்லாமல், "சோறு திண்டயா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து மகளைக் கூப்பிட்டு அனுப்பினார். கைத்தொலைபேசியை அவள் நீட்டியதும், "உங்கட வாப்பாட்டக் கேட்டுப்போட்டுப் புடி புள்ள, ஹறாம் எண்டு சொல்லிரப் போறான்" என்றாராம். மகள் அதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏணை இல்லாமல் பாட்டு வராது என்று உம்மா பிடிவாதம் பிடித்ததால், ராத்தாவின் பேரப்பிள்ளையை ஆட்டும் நேரத்தில்தான் பதிவு நடந்தது. நானும் அறைக்கு வெளியே இருந்தேன். கற்ற வித்தையைக் காட்ட ஆசைப்பட்டு அடியை எண்ணினேன். இரண்டா, மூன்றா? கயிறு ஒழுங்காகத்தான் போகிறது. குரல் அதற்குப் பிடிபடவில்லை. ஓரிடத்தில் நீட்டி நிறுத்தி, கயிறு இரண்டு தரம் போய் வரும் வரை இழுக்கிறார். வேறிடத்தில் குறுக்கிவிடுகிறார். முடிந்த பிறகு, "உம்மா, அந்த இடத்தில ஏன் அவ்வளவு இழுத்தீங்க?" என்று கேட்டேன்.

"புள்ள கண்ண மூடுற இடம் மனே அது. அதில அவசரப்படப்பொடா" என்றார்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவர்கள் தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். அந்தப் பணியின் பெறுமதியை இப்போதுதான் உணர்கிறேன். ஆனால் நூலில் சொற்கள் இருக்கும், இழுப்பு இருக்காதே. அதனால்தான் மகள் விடாமல் பதிந்தாள். முழுமையாக நான்கு பாட்டுகள், பாதியாக இரண்டு. குரவையிடும் கல்யாண வீடுகளில் பெண்கள் பாடிய வேறு பாட்டுகளும் இருந்ததாக உம்மா சொன்னார். அவற்றின் முதல் சொற்கள் மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கின்றன.

"மிச்சமெல்லாம் உங்கட மாமிக்குத்தான் தெரியும்" என்றார்.

மாமி மௌத்தாகி அப்போது ஆறு வருடமாகியிருந்தது. மகள் கொப்பியில் அந்த முதல் சொற்களை ஒவ்வொரு பக்கத்துக்கு ஒன்றாக எழுதி, கீழே இடம் விட்டு வைத்திருக்கிறாள்.