சோளக் கதிரும் மனிதக் கரமும்

யந்திரம் வந்தால் மனிதனின் பாரம் குறையும் என்பர் ஒரு சாரார். யந்திரம் வந்தால் அவன் பிழைப்பே போகும் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரும் பேச மறந்த விஷயம் ஒன்றுளது. யந்திரத்தின் அருகில் நிற்பவனின் கை என்னவாகிறது என்பதே அது. தோட்டக் கிராணியாகிய என்னை இது பற்றி ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது கடல் கடந்த அமெரிக்க நாட்டின் சோளக் கொல்லையாகும். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாள் முதலே பழைய உழவு யந்திரங்களைப் பற்றிப் படிப்பதில் எனக்கு விருப்பம் அதிகம். அவ்வாறு அறிந்தவற்றுட் சிலவற்றை நேயர்கள் முன் வைக்கிறேன்.

ஐயோவா, இல்லினாய்ஸ் முதலிய மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோளத்தைப் பெரும்பாலும் கையாலேயே பறித்தனர். உள்ளங்கையில் இரும்புக் கொக்கி ஒன்றை வாரினாற் கட்டிக்கொண்டு, கதிரை மூடிய தோகையை அதனாற் கிழித்து, கதிரை ஒடித்து, அருகில் மெல்ல நகரும் குதிரை வண்டியில் எறிவர். வண்டியின் மறுபக்கத்தில் உயரமான பலகை ஒன்று நிற்கும். எறிந்த கதிர் அதில் மோதி உள்ளே விழும். நாளொன்றுக்கு 100 புஷல் பறிப்பவன் வல்லவன் எனப் பெயர் பெற்றான். கதிராக அளந்தால் ஒரு புஷல் 70 இராத்தல், அதாவது ஏறத்தாழ 32 கிலோ.

இத்தொழிலுக்கு அந்நாட்டார் அளித்த மதிப்பு வியக்கத்தக்கது. பிற்காலத்தில் உதவி ஜனாதிபதியான ஹென்றி வாலஸ் என்பார், தாம் உழவர் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தபோது இதற்கொரு போட்டி வைக்க ஊக்கமளித்தார். தேசியப் போட்டி 1924-ல் தொடங்கி 1941 வரை நடந்தது. போட்டி நேரம் 80 நிமிடம். 1940-ல் டாவன்போர்ட் நகரருகே கூடியோர் லட்சத்துக்கு மேற்பட்டோர். வயற்கூலி வேலையென்று நம்மிற் பலர் இகழும் ஒன்றைக் காண லட்சம் பேர்!

பின்னர் யந்திரம் பரவியது. எஞ்சினின் சக்தியைப் பின்னால் வரும் கருவிக்குக் கடத்தும் சுழல் தண்டு டிராக்டரில் அமைந்தது. அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. 1930-களில் பரவிய கலப்பினச் சோளம் தட்டை சாயாமல் நின்றதால் யந்திரத்துக்கு வசதியாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஆட்பஞ்சம் ஏற்படவே அதன் தேவை மேலும் பெருகிற்று. அதன் வேலை முறை எளியது. எதிரெதிராய்ச் சுழலும் இரு உருளைகள் தட்டையைக் கீழ்நோக்கி இழுக்கும். பருத்த கதிர் அவ்விடைவெளியில் நுழையமாட்டாமல் ஒடிந்து நிற்கும். சங்கிலி அதை மேலே கொண்டுசெல்லும். அங்கே வேறு உருளை ஜோடிகள் தோகையை உரித்தெடுக்கும். உரித்த கதிர் பின்வரும் வண்டியில் விழும்.

இனித்தான் துயரக் கதை. ஈரத் தட்டையும் களையும் சேர்ந்தால் உருளைகள் அடைத்துக்கொள்ளும். யந்திரத்தை நிறுத்திவிட்டால், இறுகிய அடைப்பைச் சிறிது சிறிதாகக் கையாற் பிடுங்க வேண்டும். ஓடவிட்டாலோ, சற்றே தள்ளினால் போதும், உருளைகளே அதை விழுங்கிவிடும். இதுவே பொறி! தட்டையைப் பிடித்த கை விடுவதற்குள் உருளை அதையும் சேர்த்து இழுத்துவிடும். விரல் இழந்தோர், கரம் இழந்தோர் எத்தனையோ பேர். சோளம் பறிக்கும் யந்திரத்தால் நேரும் காயம் என்பது மருத்துவ இதழ்களில் தனித் தலைப்பாகவே இடம்பெற்றது. நிறுத்திவிட்டுத் தொடு என்னும் எச்சரிக்கையை அவ்வுழவர் அறியாதவரல்லர். அறிந்தும் கை நீட்டினர்.

ஏன்? பனி நெருங்குகிறது, வயலில் பாதி நிற்கிறது, அன்றைய தினம் அது பத்தாவது அடைப்பு. அடைப்புக்கு அடைப்பு இறங்கி நிறுத்தினால் பொழுது போய்விடும். அவசரமே அவன் கையை உள்ளே தள்ளிற்று.

நம் தோட்டங்களிலும் அதே சுழல் தண்டுள்ள டிராக்டர்கள் ஓடுகின்றன. விபத்து நேர்ந்தால் அதன் அறிக்கை என் மேஜைக்கு வரும். "காரணம்" என்னும் கட்டத்தில் மேலிருந்து வரும் சொல் பெரும்பாலும் ஒன்றே: கவனக்குறைவு. குடியிருப்பு வரிசைகளிலோ வேறொரு சொல்: தலைவிதி. சொற்கள் இரண்டாயினும் அவை செய்யும் வேலை ஒன்றே. இரண்டும் மேற்கொண்டு கேள்வி எழாதபடி வாயை அடைத்துவிடுகின்றன.

அமெரிக்க உழவன் பெரும்பாலும் தனக்குத் தானே எஜமானன். நிறுத்தினால் நஷ்டம் அவனுக்கே. நிறுத்தாவிட்டால் லாபமும் அவனுக்கே. அவனே நிறுத்தத் தயங்கினான் என்றால், பிறர் நிலத்தில் எடைக்குக் கூலி பெறும் தொழிலாளி தயங்குவதில் என்ன வியப்பு? யந்திரம் நின்ற பத்து நிமிடத்துக்குக் கூலி தருவார் யார்? இக்கேள்விக்கு விடையில்லாத இடத்தில் எச்சரிக்கைப் பலகை வெறும் சுவர் அலங்காரமே.

1954-ல் ஜான் டீர் கம்பெனி, கதிரறுத்து மணி பிரிக்கும் பெரு யந்திரத்தின் முகப்பிற் பொருத்தும் சோளக் கருவியைக் கொண்டுவந்தது. கதிர் உள்ளேயே மணியாக உதிர்ந்ததால் தோகை உரிக்கும் உருளைகளே தேவையற்றுப் போயின. மனிதர் ஒரே நாளில் கவனசாலிகள் ஆகிவிடவில்லை. கையை இழுக்கும் இடங்களில் ஒன்று ஒழிந்தது. எனினும் ஒடிக்கும் உருளை புதியதிலும் உண்டு. அபாயம் அடியோடு நீங்கவில்லை. பழைய யந்திரங்களும் மறைந்துவிடவில்லை. பென்சில்வேனியாவின் ஆமிஷ் உழவர் எஞ்சின் பொருத்திய பறிப்பு யந்திரத்தைக் குதிரைகளாற் பூட்டி இழுக்கின்றனர். பழம்பொருள் ஆர்வலரும் அவற்றைப் பேணி, இலையுதிர் காலத்தில் ஓட்டி மகிழ்கின்றனர். அவர்கள் அடைப்பெடுக்கு முன் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்னும் விதி இன்றும் மாறவில்லை.

தொழிற்றோழர்களே, ஓடும் யந்திரத்தில் கை வைக்காதீர். நிர்வாகிகளே, அது நிற்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதைச் சொல்லாமல் விடுபவர், கரத்தைக் காக்க விரும்புபவர் ஆகார்.