கொல்லையில் நிற்கும் ஜெட்டார்: மாடல் என்ன? வருஷம் என்ன?



கைலாசபுரம் டவுன்ஷிப் மதிலுக்கு வெளியே இருக்கிறது எங்கள் தெரு. எங்கள் கொல்லையில் புளியமரத்தடியில் ஒரு சின்ன டிராக்டர் நிற்பதை நம் வகுப்பில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அது ஓடி இருபது வருஷம் இருக்கும். இப்போது அதன் சீட்டுக்கு அடியில் எங்கள் கோழி முட்டை வைக்கிறது. போன மாதம் காயலான் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை பேசினார். "ஆர்.சி. புக் இல்லாத வண்டிய வச்சுக்கிட்டு வேற என்ன பண்றது" என்று அப்பா அரை மனதாகத் தலையாட்டினார்.

இந்த வண்டியைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதை உண்டு. பெரியப்பா எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் சொல்லும் கதை இது: "பாய்லர் பிளான்ட் கட்டுனப்ப செக் நாட்டு இன்ஜினியருங்க கொண்டாந்த வண்டி. ஊருக்குப் போறப்ப அப்பாகிட்ட குடுத்துட்டுப் போனாங்க." அப்பாயி அதைக் கேட்டால் எதுவும் பேச மாட்டார். வெற்றிலைப் பெட்டியை டப்பென்று மூடுவார். ஒருநாள் நான் தனியாக இருக்கும்போது கேட்டேன். "யாரும் சும்மா குடுக்கலடி. அது என் அஞ்சு பவுன் சங்கிலி" என்றார். தாத்தா அதை அடகு வைத்துத்தான் வண்டி வாங்கினாராம். பெரியப்பாவிடம் சொன்னால், "அம்மாவுக்கு வயசாச்சு, மறந்துபோச்சு" என்று சிரிக்கிறார்.

பெரியப்பா கதையைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. நம் ஊர் பெல் தொழிற்சாலை செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் உதவியோடு வந்தது, 1965-ல் உற்பத்தி தொடங்கியது. வண்டியின் மூக்கில் 'ஜெட்டார்' என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஜெட்டார் அந்த நாட்டு டிராக்டர்தான். புர்னோ என்ற நகரத்தில் 1946-ல் முதல் வண்டி செய்தார்கள். அறுபதுகளில் அங்கிருந்து நம் நாட்டுக்கு இறக்குமதியும் ஆனது. ஆனால் அப்பாயிக்குக் கல்யாணம் ஆனது 1970-ல். வண்டி 1965-ல் வந்தது என்றால், சங்கிலிக் கதை பொய் என்று ஆகிவிடும். அதனால் வண்டியையே கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன்.

பழைய வண்டியில் எதை நம்பக் கூடாது என்று துவாக்குடியில் வேலை பார்த்த ஒரு பழைய மெக்கானிக் தாத்தா சொல்லிக் கொடுத்தார். முதலாவது பெயின்ட். எங்கள் வண்டி இப்போது பச்சை. என் மாமா கிணற்று மோட்டார் ரூமுக்கு அடித்து மிச்சம் இருந்ததை அடித்துவிட்டார். சுரண்டினால் அடியில் இன்னும் இரண்டு நிறம் வருகிறது. இரண்டாவது, கழற்றி மாட்டுகிற சாமான். டைனமோவில் லூகாஸ் டி.வி.எஸ். என்று இருக்கிறது. அது சென்னைப் பாடி கம்பெனி. அதை வைத்து வண்டியும் சென்னை என்று சொன்னால், எம்.ஆர்.எஃப். டயர் போட்ட சைக்கிளை எம்.ஆர்.எஃப். சைக்கிள் என்று சொன்ன மாதிரி. பழைய நம்பர் பலகை இருந்தாலாவது கொஞ்சம் தெரிந்திருக்கும். டி.என். 45 என்று போட்டிருந்தால் 1989-க்குப் பிறகு பதிவானது. அதற்கு முன்னே என்றால் மூன்று எழுத்தும் அப்புறம் எண்ணும் இருக்கும். எங்கள் பலகை எப்போதோ காணாமல் போய்விட்டது.

அடுத்து டீசல் பம்பிலிருந்து எஞ்சின் தலைக்குப் போகிற மெல்லிய குழாய்களை எண்ணச் சொன்னார். எத்தனை குழாயோ அத்தனை சிலிண்டர். எங்களுடையதில் இரண்டு. அதனால் இது மாஸி 1035 இல்லை, அதற்கு மூன்று. ஆனால் ஜெட்டாரில் 2011 என்று ஒரு மாடல், 2511 என்று ஒரு மாடல். இரண்டுக்குமே இரண்டு சிலிண்டர்தான்! 2011 என்றால் அறுபதுகளில் கப்பலில் வந்தது, பெரியப்பா ஜெயித்தார். 2511-ஐ நம் நாட்டிலேயே செய்தார்கள்.

மிச்சம் இருந்தது தகடு. டேஷ்போர்டுக்குக் கீழே கறுப்பாக ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். முதலில் 2 தெரிந்தது, கடைசியில் 11 தெரிந்தது. நடுவில் துரு! 0-வா 5-ஆ என்று அம்மா ஒன்று சொன்னார், தம்பி ஒன்று சொன்னான். சின்ன வயதில் காசு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதையே செய்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் சேஸிஸ் எண்ணை இப்படித்தான் எடுப்பார்களாம். மூன்றாவது தாளில் விழுந்தது. மேல்பக்கம் நேர்கோடு, கீழே வளைவு: 5.

அந்தத் தாளைத்தான் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். தொட்டுப் பார்க்காதீர்கள், கரி ஒட்டும். மாடலுக்கு மேல் வரியில் எச்.எம்.டி., பிஞ்சூர் என்று இருப்பதையும் பாருங்கள். கைக்கடிகாரம் செய்த அதே எச்.எம்.டி.தான். தாத்தா கட்டியிருந்த வாட்சும் அதுவே. பிஞ்சூர் ஹரியானாவில் இருக்கிறது. அங்கே ஜெட்டார் டிராக்டர் செய்யத் தொடங்கியது 1971-ல். முதல் இரண்டு எண் குதிரைத் திறன், அதாவது 25. செக்கோஸ்லோவாக்கியா 1993-ல் இரண்டு நாடாகப் பிரிந்துவிட்டது. எச்.எம்.டி. டிராக்டர் தொழிற்சாலையை மூட 2016-ல் அரசு முடிவு செய்தது. எங்கள் கொல்லையில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மூக்கில் இருக்கிறார்கள்.

ஆக, வண்டி 1971-க்கு முன்னே பிறந்திருக்க முடியாது. 1977 நவம்பரில் திருச்சி டவுனுக்குள் வெள்ளம் வந்தபோது உறையூர்ச் சொந்தக்காரர்களுக்கு இதே வண்டியில்தான் தாத்தா அரிசி மூட்டை கொண்டுபோனார் என்று அப்பாவின் அத்தையும் சொல்கிறார். அதனால் இந்த ஆறு வருஷத்துக்குள் ஏதோ ஒன்று. தகடு சங்கிலியைப் பற்றி எதுவும் சொல்லாது, அது எனக்கும் தெரியும். ஆனால் 1965 கதை முடிந்துவிட்டது.

பெரியப்பா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார், அப்புறம் தகட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்து, "சங்கிலிய மீட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் வட்டி கட்டுனதோட சரி. முழுகிப் போச்சு" என்றார் அப்பாயி. வெற்றிலைப் பெட்டி திறந்தே இருந்தது.

தகட்டின் கீழ் வரியில் சேஸிஸ் எண் இருக்கிறது. கடைசி இரண்டு எண்கள் மட்டும் பென்சிலுக்கும் விழவில்லை. முழுதாகக் கிடைத்தால் ஆர்.சி. நகலுக்கு எழுதிப் போடலாம் என்று அப்பா இப்போது சொல்கிறார். உங்கள் வீட்டிலோ, உங்கள் மாமா, சித்தப்பா ஊரிலோ 2511 நின்றால், தகட்டைத் தவிர வேறு எங்கே அந்த எண்ணை அடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, 9 ஆ பிரிவில் என்னிடம் சொல்லுங்கள். காயலான் கடைக்காரர் பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.