எழுத்தாணி எலும்பு

வலி என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும் செய்தி. பட்டவர் சொன்னால்தான் பிறருக்கு விளங்கும். அவர் சொல்வதை எவரும் நம்பாதபோது, வலியோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. என் அக்காவின் நான்கு ஆண்டுத் துன்பம் எனக்குக் கற்பித்த பாடம் இது.

அக்கா தொடக்கப்பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் வலத்தாடைக்குக் கீழே ஒரு குத்தல் எழும், காதுவரை பரவும். உணவை விழுங்குகையில் தொண்டையில் முள் தைத்தது போலிருக்கும். பல்லில் கோளாறு என்று கருதி ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை அணிவித்தார்கள். இறுதியில், “எல்லாம் மன உளைச்சல்” என்ற சொல் வந்தது. உறவினரும் அதையே பற்றிக்கொண்டனர். அதன்பின் அக்கா வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் எழுந்த அந்த மௌனம் எங்களுக்கு அவருடைய வலியைவிட அச்சமூட்டியது.

பின்னர்ச் சந்தித்த காது மூக்குத் தொண்டை மருத்துவர் வயதில் மூத்த பெண்மணி. முந்தைய சோதனைத் தாள்களை மேசைமேல் ஒதுக்கி வைத்துவிட்டு, “டீச்சர், வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள். எந்தப் பக்கம் திரும்பினால் வலி கூடுகிறது?” என்று கேட்டார். பொறுமையாகக் கேட்டு முடித்தபின், கையுறையணிந்த விரலால் வாயினுள் டான்சில் இருக்கும் பள்ளத்தை மெல்ல அழுத்தினார். அக்கா துடித்து அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். விரலை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இதுதான் டாக்டர், இதேதான்.” அவ்விடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி சிறிது நேரம் அறவே அகன்றது.

நோயின் பெயர் ஈகிள் நோய்க்கூறு. காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியிலிருந்து மெலிந்து இறங்கும் எலும்பு முனை ஒன்று உண்டு. எழுத்தாணியை ஒத்திருப்பதால் அதற்கு ‘ஸ்டைலாய்டு’ என்று பெயர். வழக்கமாக அது இரண்டரை முதல் 3 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதன் நுனியிலிருந்து ஒரு நார்க்கட்டு நாவடி எலும்புவரை செல்கிறது. முனை அளவுக்கு மிஞ்சி நீண்டாலோ, அந்த நார் எலும்பாக இறுகினாலோ, அருகிலுள்ள நரம்புகளை உறுத்தும். சிலருக்கு மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியையும் அழுத்தும். நீண்ட முனையை 1652-ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான மார்க்கெத்தி குறிப்பிட்டிருந்தார். அதையும் இவ்வலியையும் இணைத்து 1937-இல் விளக்கியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர் வாட் ஈகிள். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது.

முப்பரிமாண சி.டி. படத்தில் வலப்பக்க முனை 42 மில்லிமீட்டர் இருந்தது. வியப்பு என்னவென்றால், இடப்பக்க முனையும் 38 மில்லிமீட்டர். அங்கோ எள்ளளவும் வலியில்லை! “முனை நீண்டவர் பலர், அவர்களுள் வலியால் வருந்துவோர் மிகச் சிலரே. படத்தை மட்டும் பார்த்து அறுவை செய்யக்கூடாது. நீங்கள் சொன்னதும், விரலுக்குப் பட்டதும், படம் காட்டியதும் ஒத்துப்போக வேண்டும்” என்றார் மருத்துவர்.

முதலில் நரம்பு வலிக்கான மாத்திரைகளும் ஊசியும் தரப்பட்டன. சில மாதங்கள் ஓரளவு தணிந்த வலி மீண்டது. அதன்பின்னரே அறுவை பற்றிய பேச்சு எழுந்தது. வாய்வழியாகச் செய்தால் வெளியே தழும்பு இராது. கழுத்தின் வெளிப்புறம் திறந்து செய்தால் நரம்புகளும் குருதிக்குழாய்களும் தெளிவாகப் புலப்படும். இரண்டின் நன்மையையும் ஆபத்தையும் எடுத்துரைத்து, எல்லாருக்கும் முழுக் குணம் கிட்டுமென்ற உறுதியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அக்கா வாய்வழியைத் தேர்ந்தார். டான்சிலை அகற்றி, நீண்ட முனையைக் குறைத்தார்கள். இரண்டு வாரம் ஆறிய கஞ்சிதான் உணவு. வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. மாதக் கணக்கில் படிப்படியாகக் குறைந்தது. இன்று தலையைத் தயங்காமல் திருப்புகிறார்.

கழுத்து வலியெல்லாம் இந்நோயன்று. பெரும்பாலானவை தசைப்பிடிப்பாலும், உட்காரும் முறையாலும் வருபவை. அவை தாமே தணியும். ஆயினும் விழுங்கும்போதும் திரும்பும்போதும் ஒரே இடத்தில் நெடுநாள் தொடரும் வலிக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

இதனினும் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. நோயின் பெயரைக் கேட்ட அன்று அக்கா அழுதார். குணமாவோம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்திருக்கவில்லை. தாம் சொன்னது பொய்யல்ல என்று ஒருவர் ஏற்றுக்கொண்டாரே என்ற ஆறுதலே அந்தக் கண்ணீர். நம் வீடுகளிலும் ஒரு மூலையில் முதியவரோ, மருமகளோ, பிள்ளையோ வலியைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் இருக்கக்கூடும். “எங்கே வலிக்கிறது? எப்போது வலிக்கிறது?” என்று அருகில் அமர்ந்து கேட்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.