கற்குன்றின் சின்னான்

செஞ்சியினின்று திருவண்ணாமலைக்குச் செல்வார்க்கு வழியின் இருமருங்கும் தோன்றுவன கருங்கற் குன்றுகளேயாம். உருண்ட பெரும்பாறைகள் ஒன்றன்மேலொன்று கிடக்க, அவற்றின் இடுக்குகளிற் சூரையும் காரையும் கள்ளியும் இச்சியும் வேரோடி நிற்கும். காண்பார் பலரும் 'வெறுங்கல்' என்று கூறிக் கழிப்பர். அவ்வெறுங்கல்லையே தனக்கு உலகாகக் கொண்டு வாழும் சிறுபுள் ஒன்றுண்டு. பறவைநூலார் அதனை மஞ்சள் தொண்டைச் சின்னான் என்பர்.

அது சற்றேறக்குறைய 8 அங்குல நீளமுடையது. முதுகு பசுமை கலந்த சாம்பல் நிறம், தலை மஞ்சள் கலந்த பசுமை, தொண்டையோ நன்மஞ்சள். வாலடியிலும் அம்மஞ்சளே காணப்படும். ஊர்ப்புறத்துக் கொண்டைக் குருவிக்கு இஃது உறவினதேயாயினும் இதற்குக் கொண்டை இல்லை. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்னும் ஆங்கிலேயர் 1845-ஆம் ஆண்டில் இதனை நூன்முறையாற் பெயரிட்டு எழுதினர். தென்னிந்தியாவின் கற்குன்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் இது வாழ்வதில்லை. செஞ்சிக் குன்றுகளிலும், கருநாடகத்து நந்திமலையிலும், ஆந்திரத்து ஆர்சிலி மலையிலும் இதனைக் கண்டோர் உளர். மிக்க நாணமுடைய புள்ளாதலின், குரலைக் கேட்டோர் பலராயினும் உருவைக் கண்டோர் சிலரே.

பாறைப் பிளவில் வளரும் இச்சி முதலியவற்றின் கனியும், சூரைப் பழமும், சிறு பூச்சிகளும் இதற்கு உணவு. கனியை உண்டு வித்தை வேறோர் பிளவிற் சேர்த்தலின், மனிதர் கை எட்டாத இடத்திலும் மரம் முளைக்கின்றது. தென்முகக் கடவுள் எழுந்தருளியிருக்கும் நிழல் கல்லால மரத்தின் நிழல் என்பதைச் சைவர் எல்லாரும் அறிவர். கல்லின்கண் ஆலை நட்டார் யார் என்று ஆராய்ந்தார் அரியர்.

அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஆசிரியத் தொழிலினின்று ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வாழ்கின்றார். அவ்வூர்ச் சிவாலயத்தின் முன்மண்டபம் உத்தரம் வெடித்துப் பனைமரத்து முட்டுக்கால்களைத் தாங்கி நிற்கின்றது. தம் வாழ்நாளுள் குடமுழுக்குக் கண்டுவிடல் வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் வேட்கை. ஊர்க்கோடியில் அவர்க்குப் பட்டா நிலமும், அதனையொட்டி ஒரு சிறு குன்றும் உரியன. சில ஆண்டுகட்கு முன், கல்லுடைப்புத் தொழில் நடத்தும் செல்வர் ஒருவர் வந்து, "ஐயா, இக்குன்றை எனக்குக் குத்தகைக்கு விடுங்கள். கோயிலுக்கு வேண்டிய தூணும் உத்தரமும் விலையின்றி நானே தருகின்றேன்" என்றார். முதியவர் அதனைத் திருவருட் குறிப்பென்றே கொண்டார். வேறென்ன கொள்வார்?

எல்லைக்கல் பார்க்கும்பொருட்டு அவர் ஒரு விடியலிற் குன்றேறினார். கல்லூரியில் உயிர்நூல் பயிலும் பேரன் உடன் சென்றான். மேலே ஒரு சுனை. கோடையிலும் கையளவு நீர் நிற்பது. அதன் கரையில் ஒரு குருவி இறங்கி நீர் பருகிற்று. "தாத்தா, அசையாதீர்கள்" என்று கையைப் பற்றினான் பேரன். அதன் பெயரையும், அருகிவரும் உயிர்களின் செம்பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருப்பதையும், குன்றுகள் உடைபடுதலே அதற்குப் பெருங்கேடு என்பதையும் மெல்லிய குரலில் உரைத்தான். எழுபது ஆண்டுகள் அக்குன்றின் நிழலிலிருந்தும் அதனைக் கொண்டைக் குருவியென்றே தாம் எண்ணியிருந்தமை முதியவர்க்கு நாணத்தை விளைத்தது.

இறங்கும்போது அடிவாரப் பாறையில் பழைய தச்சர் இட்ட ஆப்புத் துளைகள் வரிசையாகக் காணப்பட்டன. அக்கோயிற் கல்லும் இங்கிருந்தே சென்றதாதல் வேண்டும். உளியும் ஆப்பும் கொண்டு வேண்டுமளவு பிளந்தெடுத்தனர் முன்னோர். குன்று குன்றாகவே நின்றது. வெடியும் பொறியும் வந்த பின்னர் ஒரு குன்று சில ஆண்டுகளிற் குழியாகின்றது. 'கோயிலுக்குக் கல் எடுத்தல் புதிதன்றே' என்று தம் மனத்தைத் தேற்ற முயன்றவர்க்கு அத்துளைகளே மறுமொழி கூறின.

அன்று மாலை நாடோறும் ஓதும் சிவபுராணத்தை ஓதத் தொடங்கினார். திருவாதவூரடிகள் தாம் எடுத்திளைத்த பிறப்புக்களை அடுக்கிச் செல்லுமிடத்துப் பறவையையும் கல்லையும் எண்ணி, அதன் பின்னரே மனிதரை எண்ணுகின்றார். ஆயிரமுறை நாவிற் பயின்ற இடம். அன்று அவர் நா மேற்செல்லாது நின்றது. கல்லைப் பிறப்பென எண்ணியதற்கு உரைகாரர் கூறும் அமைதிகள் பல. அவற்றையெல்லாம் அவர் மாணாக்கர்க்கு விளக்கியவரே. விளக்கம் ஒன்றும் அப்போது உதவவில்லை.

குத்தகைக்கு இசையாமற் சொல்லியனுப்பினார். திருப்பணிக் குழுவினர் சினந்தனர். "ஒரு குருவிக்காகவா சிவன் கோயிலை இடியவிடுவது?" என்று மூத்த அன்பர் ஒருவர் வெகுண்டு கேட்டார். அக்கேள்வி நேர்மையற்றதன்று. முதியவர் மறுமொழி கூறாது, தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் திருப்பணி உண்டியலிற் சேர்த்து வருகின்றார். அது தூண் ஒன்றுக்கும் இன்னும் போதவில்லை.

அடுத்த ஊர்க் குன்று குத்தகைக்குப் போயிற்று. அங்கு வெடிக்கும்போது இங்கு மண்டபத்து முட்டுக்கால்கள் அதிர்கின்றன. அர்ச்சகர் தீபத்தைக் கையால் மறைத்து நிற்கின்றார். முதியவர்க்கு இப்போது குன்றேற முழங்கால் இடந்தரவில்லை. விடுமுறைக்கு வரும் பேரன் மேலேறிச் சுனையைப் பார்த்து வருவான். வாயிலில் அமர்ந்திருக்கும் பெரியவர், "வந்ததா?" என்று மட்டும் கேட்பார்.